ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் வந்த ஞாயிறு

ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் வந்துவிட்டது என்று ஒரு பஸ் நிறைய ஆட்களை நம்பவைத்தவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் நம்பிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகும் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேனே, அது வேண்டுமென்றே செய்தது. ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்துகொண்டு, அரை மில்லிமீட்டர் பிசகினாலும் உதிரி பாகத்தைத் திருப்பி அனுப்புகிற, ஐம்பத்திரண்டு வயது ஆசாமி செய்யக்கூடிய காரியம் இல்லை. செய்தேன்.

எங்கள் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. அந்தக் குறையை என் வீட்டு மாடி அறையில், பிளைவுட் பலகையின் மேல், நானாகத் தீர்த்துவைத்திருக்கிறேன். நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. இரண்டு நடைமேடை, ஒரு மேம்பாலம், ஒரு சிக்னல் கம்பம், ஒரு டீக்கடை, பதினேழு பயணிகள். தண்டவாளத்துக்கு நடுவே கொட்டியிருக்கும் ஜல்லி, தெருவில் யாரோ வீடு கட்டக் கொட்டிவைத்த எம்.சாண்டை டீ வடிகட்டியில் சலித்து எடுத்தது. வேப்பமரங்கள் பாத்திரம் தேய்க்கும் நார். நடைமேடைக்கு அடியில் இருப்பது கம்பெனியில் தூக்கிப்போட்ட தெர்மோகோல். தூக்கிப்போட்டதுதான் என்றாலும் அதை வெளியே கொண்டுவர முறையாகக் கேட் பாஸ் வாங்கினேன். பாஸில் ‘காரணம்’ என்ற இடத்தில் ‘சொந்த உபயோகம்’ என்று எழுதியபோது செக்யூரிட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். நானே என்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி மண்ணூர்க்காரி. அவள் குடும்பத்தில் பலகை என்றால் அதன் மேல் ஏதாவது உட்கார வேண்டும், அல்லது காய வேண்டும்.

“வூட்ல அரிசி மூட்ட வைக்க எடமில்ல. ரயிலுக்கு மட்டும் எடம் கீதா?” என்று முதல் வருடம் கேட்டாள். இரண்டாம் வருடம் கேட்கவில்லை. மூன்றாம் வருடம் நடைமேடைக்கு ஒரு பெஞ்ச் போதாது என்று சொன்னாள். அதுவே எனக்குக் கிடைத்த அரசு அங்கீகாரம்.

என்னைப் போலவே மறை கழன்ற முப்பது பேர் கொண்ட வாட்ஸாப் குழு ஒன்று உண்டு. கோயம்புத்தூரில் ஒரு பல் மருத்துவர், திருச்சியில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, சேலத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் என்று ஆளுக்கொரு மூலை. யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஒருவர் கட்டிய ஸ்டேஷனில் எத்தனை தூண் என்று இன்னொருவருக்குத் தெரியும், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரவர் ஸ்டேஷன் படத்தைப் போட வேண்டும். படத்தோடு போடும் வரி, நிஜ ரயிலைப் பற்றி எழுதுவது போலவே இருக்க வேண்டும். மாதிரி, பொம்மை, பலகை என்ற சொற்களுக்குத் தடை. பார்க்கிறவர்கள் எது காட்டிக்கொடுத்தது என்று கண்டுபிடித்து எழுதுவார்கள். எதுவும் காட்டிக்கொடுக்கவில்லை என்றால், ‘எந்த ஊர் ஸ்டேஷன்?’ என்று மட்டும் எழுதுவார்கள். அந்த மூன்று சொற்கள்தான் எங்களுடைய பத்மஸ்ரீ.

மூன்று வருடமாக எனக்கு அது கிடைக்கவில்லை. ஒரு வாரம் நடைமேடையில் எறும்பு நின்றது. எங்கள் அளவில் அது ஒரு கன்றுக்குட்டி. இன்னொரு வாரம் எஞ்சின் கண்ணாடியில் என் மூக்கு பிரதிபலித்தது. நிஜ வானம் வேண்டுமென்று ஸ்டேஷன் இருக்கும் பகுதியை மட்டும் கழற்றி மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் எடுத்தேன். ‘வானத்தில் ஒரு நைட்டி பறக்கிறது’ என்று பல் மருத்துவர் எழுதினார். மனிதர் பற்களில் ஓட்டை தேடியே பழகியவர், அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

அந்த ஞாயிறு எல்லாம் கூடிவந்தது. கொடியில் துணி இல்லை. காலை வெயில் சாய்வாக விழுந்தது. எறும்புகளுக்கு வேறு சோலி இருந்தது. வயிறு தரையில் பட, கைப்பேசியை நடைமேடையின் மட்டத்துக்கு இறக்கி, குப்புறப் படுத்து எடுத்தேன். படத்தைப் பார்த்ததும் எனக்கே அந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. ‘ஒருவழியாக வந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூர், காலை வண்டி’ என்று எழுதி அனுப்பினேன். மூக்குக் கண்ணாடி கைப்பிடிச் சுவர் மேல் இருந்தது. படம் போனது ரயில் குழுவுக்கு இல்லை, அதற்கு நேர் கீழே இருந்த எங்கள் கம்பெனி பஸ் குழுவுக்கு.

பஸ் குழு என்பது ‘பஸ் எங்கே’, ‘பஸ் போயிடுச்சா’ என்ற இரண்டு கேள்விகளுக்காக ஏற்பட்டது. நாற்பது பேர். நான் அதில் வருடத்துக்கு ஒரு முறை பேசினால் அதிகம். பேசாதவன் பேசினால் அது செய்தி.

ஸ்டேஷனைக் கீழே இறக்கி, திரும்பப் பொருத்தி, குளித்து, சாப்பிட்டு, மத்தியானம் ஒரு மணிக்குக் கைப்பேசியை எடுத்தேன். அறுபதுக்கு மேல் செய்திகள்.

‘சூப்பர் சார். எந்தப் பக்கம் வந்துருக்கு?’

‘டூவீலர் ஸ்டாண்டு கீதா சார்?’

‘நம்ம சார் போட்டா கரெக்டாதான் இருக்கும். கியூசி ஆளு.’

‘நான் முன்னாடியே சொன்னேன். மண்ணூர் தாண்டி போன வாரம் லைட்டா எரிஞ்சுக்கினு இருந்துச்சு.’

லைட் எரிந்ததைப் பார்த்தவரை இன்னும் இரண்டு பேர் வழிமொழிந்திருந்தார்கள். ஒருவர் ஹாரன் சத்தமே கேட்டிருக்கிறார்.

உடனே, ‘மன்னிக்கவும், அது பொம்மை’ என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஒவ்வொரு செய்தியையும் இரண்டு முறை படித்தேன். மூன்று வருடம் ஒரு பல் மருத்துவரிடம் அடிவாங்கியவனுக்கு நாற்பது பேர் ஒரே மூச்சில் பத்மஸ்ரீ கொடுக்கிறார்கள். ஒரு மணி நேரம் அதை மென்றுகொண்டிருந்தேன். அப்புறம் மனசாட்சி என்று ஒன்று, கொஞ்சம் தாமதமாக, அடுத்த பிளாட்பாரத்தில் வந்து நின்றது. படத்தை அழித்தேன். விளக்கம் எழுதத் தைரியம் வரவில்லை. அழித்தால் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

‘சார் டெலீட் பண்ட்டாரு பாத்தியா? மேலேர்ந்து சொல்லிருப்பாங்க. இன்னும் அனௌன்ஸ் பண்லபோல’ என்று ஒருவர் எழுதினார். அதோடு எல்லாருக்கும் முழு நம்பிக்கை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அதே படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு சரியான குழுவில் போட்டேன். கால் மணி நேரம் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து வந்தது: ‘எந்த ஊர் ஸ்டேஷன்?’

மனைவியிடம் காட்டினேன். “ஊர் பேரு போர்டுலயே எழுதிக் கீதே, படிக்கத் தெரியாதா அவருக்கு?” என்றாள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறியதும் என் பக்கத்து இருக்கைக்குத் தென்காசிப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். என் பிரிவிலேயே வேலை செய்பவர், முப்பத்தைந்து வயது இருக்கும். கோயில் தெருவுக்குப் பின்னால் ஒரு போர்ஷனில் மனைவியோடும் ஒன்றரை வயதுப் பெண்ணோடும் குடியிருக்கிறார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“சார், அப்பா வாரேன்னுட்டாங்க சார்!”

அவருடைய அப்பாவை எனக்குப் பேச்சு வழியாகத் தெரியும். பேத்தி பிறந்ததிலிருந்து வரவில்லை. அவர் இல்லாமல் குழந்தைக்குக் காது குத்த மாட்டோம் என்று இரண்டு முறை நாள் பார்த்துத் தள்ளிப்போட்டிருந்தார்கள். வராததற்குக் காரணம் பேத்தி மேல் பாசம் இல்லாதது அல்ல, பெரியவருக்குச் சர்க்கரை. அரை மணிக்கு ஒரு முறை இறங்க வேண்டும். ரயிலில் கவலை இல்லை, பெட்டிக்குள்ளேயே வசதி இருக்கிறது. தாம்பரத்தில் இறங்கிப் பஸ் ஏறி இங்கே வருவதற்குத்தான் பயம். முன்பு ஒரு முறை வந்தபோது படப்பையில் நெரிசலில் பஸ் ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. அதற்கு மேல் மகன் விவரமாகச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் காலே வைக்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

“நேத்து உங்க போட்டோவ அப்பாவுக்கு அனுப்புனேன் சார். வீட்டு வாசல்லயே ரயில் வந்துட்டுப்பா, இனி என்ன சாக்கு சொல்லுவீங்கன்னு கேட்டேன். பத்து நிமிசம் கழிச்சு போன் பண்ணி, சரிலே, நாள் பாருன்னுட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கெழம இல்ல, அதுக்கடுத்த ஞாயிறு. வல்லக்கோட்டை முருகன் கோயில்ல மொட்டை போட்டு, காது குத்திரலாம்னு இருக்கோம். நீங்க வரணும் சார்.”

“எத்தனை மணிக்கு அனுப்பினீங்க?” என்று கேட்டேன்.

“ஒன்றரை இருக்கும் சார்.”

ஒரு மணிக்கே நான் வாயைத் திறந்திருந்தால் அந்தப் படம் தென்காசிப் பக்கம் போயிருக்காது. நான் பாராட்டை மென்றுகொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஒரு பெரியவர் பெட்டியை எடுத்துத் துடைத்திருக்கிறார்.

பஸ் சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் கம்பெனி பஸ்ஸில் ஓவர்டைம் பற்றிய பேச்சுக்கும் ரகசியத்துக்கும் ஒரே காது. முன் இருக்கை திரும்பியது, பின் இருக்கை எழுந்தது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“இன்னா சார், அப்ப ரயிலு உங்க வூட்டு மாடிலயா நிக்குது?”

“பிளாட்பாரம் டிக்கெட் அண்ணிகிட்டதான் வாங்கணுமா சார்?”

“ஹாரன் கேட்டுச்சுன்னானே ஒருத்தன், அவன எறக்கி வுடுங்கடா மொதல்ல!”

பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “புதுச் சட்டை தைக்கக் கொடுத்துட்டாங்களாம் சார்” என்றார்.

“நான் தாம்பரத்துக்குக் கார் எடுத்துட்டு வரேன். எங்க வேணும்னாலும் நிறுத்தலாம்.”

“கார்னு இப்பச் சொன்னா வர மாட்டாங்க சார். அந்த ரோட்டு மேலயே பயம். வண்டி ஏறட்டும். தாம்பரத்துல எறங்குனப்புறம் சொல்லிக்கலாம்.”

“என்னன்னு சொல்றது?”

“நீங்களே சொல்லிருங்க சார்” என்றார். நியாயம்தான்.

அதற்குப் பிறகு நான் செய்தது, என்னைப் போன்றவன் மட்டுமே செய்வது. அடுத்த ஞாயிறு, படம் எடுப்பதை விட்டுவிட்டு, ஒரு நோட்டும் கடிகாரமுமாக மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு தாம்பரம் போனேன். அங்கிருந்து வீடு வரை வழியில் இருக்கும் கழிப்பறைகளை ஒவ்வொன்றாக இறங்கிப் பார்த்துக் குறித்தேன். ஒரு பெட்ரோல் பங்கில் பூட்டியிருந்தது, சாவி வைத்திருப்பவர் டீ குடிக்கப் போயிருந்தார். எங்கே குடிப்பார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். படப்பையில் ஒரு ஓட்டலில் சுத்தமாக இருந்தது, ஆனால் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும். இரண்டு இட்லி சாப்பிட்டுச் சோதித்தேன். ஒரகடத்தில் ஒரு கார் ஷோரூமில் பளிங்கு போல இருந்தது. உள்ளே நுழைய வண்டி வாங்குகிற முகம் தேவைப்பட்டது. அந்த முகத்தை என் மனைவி வைத்துக்கொண்டாள், ஒரு சிவப்பு வண்டியின் விலையைக்கூடக் கேட்டாள்.

திரும்பும்போது, “ஊர் ஒலகத்துல ஞாயித்துக்கெழமன்னா கோயில் கோயிலா போறாங்க. நீங்க என்னைக் கக்கூஸ் கக்கூஸா இட்டுக்கினு சுத்துறீங்க” என்றாள்.

வீட்டுக்கு வந்து ஒரு கால அட்டவணை போட்டேன். நிறுத்தம், வந்துசேரும் நேரம், புறப்படும் நேரம், நிற்கும் நிமிடம். நான்கு நிறுத்தங்கள், எதற்கும் நடுவில் இருபது நிமிடத்துக்கு மேல் இல்லை. கீழே கோடு போட்டு, ‘மாறுதலுக்கு உட்பட்டது’ என்றும் எழுதினேன். நான் கட்டிய ரயில்வேயிலேயே உருப்படியானது அந்த ஒரு தாள்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

குறித்த ஞாயிறு காலை தாம்பரத்தில் பெரியவர் இறங்கினார். ஒல்லி, உயரம், புதுச் சட்டை, தோளில் துண்டு. ஒரு கையில் பை, இன்னொரு கையில் பேத்திக்கு ஓலைப்பெட்டியில் கருப்பட்டி மிட்டாய். மகன் பையை வாங்கிக்கொண்டு என்னை முன்னால் தள்ளினார். “ஐயா, மேற்கொண்டு போற வண்டி இன்னைக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“கார் எங்க நிக்கி?” என்றார் பெரியவர்.

அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு சொல் இல்லை. நேராகப் போய் முன் இருக்கையில் உட்கார்ந்தார். நான் மனப்பாடம் செய்துவைத்திருந்த பராமரிப்புப் பணி, சிக்னல் கோளாறு எல்லாம் வீணாகப் போனது.

முதல் நிறுத்தத்தில் சாவிக்காரர் இருந்தார். படப்பையில் மூவரும் இட்லி சாப்பிட்டோம். ஒவ்வொரு இடத்திலும் நான் கடிகாரத்தைப் பார்த்துக் கதவைத் திறந்துவிட, பெரியவர் அழைப்புக்கு மரியாதை கொடுப்பவர் போல இறங்கிப் போய்வந்தார். ஒரகடம் சந்திப்பில் ஷிப்ட் முடிந்து வந்த கம்பெனி பஸ்கள் குறுக்கே நின்றதால் மூன்று நிமிடம் தாமதம். வியர்த்துவிட்டது எனக்கு. அவர், “என்ன தம்பி, ஒடம்புக்கு முடியலையா? நிப்பாட்டணும்னா நிப்பாட்டிக்கிடுங்க” என்று என்னை விசாரித்தார்.

வல்லக்கோட்டையில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து கோயில் கோபுரம் வரை கேட்கிற மாதிரி அலறியது. கம்மல் ஏறியதும் தாத்தாவிடம் தாவியது. ஒன்றரை வருடம் பார்க்காத ஆளிடம் எப்படித் தாவுகிறது என்று அதன் அம்மா ஆச்சரியப்பட்டாள். கருப்பட்டி மிட்டாய் அவர் கையில் இருந்ததை நான் சுட்டிக்காட்டவில்லை. பெரியவர் மொட்டைத் தலையில் சந்தனம் தடவிக்கொண்டே இருந்தார். இரண்டு தலைக்குப் போதுமான சந்தனம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இனியும் தள்ளிப்போட முடியாது. பெரியவரை மாடிக்கு அழைத்துப்போய், பலகைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். எஞ்சினை ஓடவிட்டேன். அது ஒழுங்காக இரண்டு சுற்று சுற்றி, சிக்னலில் நின்று, மறுபடி கிளம்பியது. பேத்தி தாத்தா மடியிலிருந்து எம்பி ஒரு பயணியை எடுத்து வாயில் போட்டது. என் மனைவி விரலை விட்டு மீட்டாள்.

“மன்னிச்சுக்கணும் ஐயா. என் தப்புதான்” என்றேன்.

“இதுல என்ன இருக்கு? போட்டோவப் பாத்த அன்னைக்கே பொம்மன்னு தெரியும்லா” என்றார்.

மகன் திகைத்துப்போனார். “தெரிஞ்சுமா வந்தீங்க?”

“பெறகு? ஒரு நாளும் பொய் சொல்லாத பய, இம்புட்டு மெனக்கெட்டு ஒரு பொய் சொல்லுதான்னா அவனுக்கு அப்பன எம்புட்டுத் தேடியிருக்கும்? கெளம்பிட்டேன்.”

“நா பொய் சொல்லலப்பா. நெசமாவே நம்புனேன்.”

“அது அதவிட மோசம்லா” என்றார் பெரியவர்.

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. பாரம் இறங்கிய இடத்தில் உடனே வேறொன்று வந்து உட்கார்ந்தது. நாற்பது பேர் நம்பினார்கள். கோயம்புத்தூர் பல் மருத்துவரே ஏமாந்தார். இவர் எப்படிக் கண்டுபிடித்தார்? வெளிச்சமா? தண்டவாளத்தின் கனமா? வேப்பமரமா? ஒரு நல்ல மனிதர் என்னை மன்னித்த அந்த நிமிடத்தில், நான் நாற்காலிப் பக்கம் குனிந்து அதைத்தான் கேட்டேன்.

“எதை வெச்சு ஐயா பொம்மைன்னு கண்டுபிடிச்சீங்க?”

பெரியவர் என் ஸ்டேஷனை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு முறை நிதானமாகப் பார்த்தார்.

“ஸ்டேஷன்னா நான் மொதல்ல கக்கூஸத்தான் தம்பி தேடுவேன். டீக்கட வரைக்கும் வச்சிருக்கீங்க, அத மட்டும் காணும்லா.”